பஸீயோ கேட்கத் தொடங்குபவர்களுக்கு: எக்வடோரின் காதல் பாட்டுக்குள் நுழையும் வழி

தென்னமெரிக்கக் காதல் பாட்டு என்றால் பலருக்கும் டாங்கோதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவர்கள் பொலேரோ என்பார்கள். எக்வடோரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், தயங்காமல் பஸீயோ என்பார்கள். இரண்டு கிட்டார், ஒரு குரல், மூன்று நிமிடம், நிறையப் பிரிவுத் துயரம். 2021-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1993 முதல், அக்டோபர் 1-ஆம் தேதியைப் பஸீயோ நாளாக அந்த நாடு கொண்டாடி வருகிறது.

புதிதாகக் கேட்பவர்களில் பாதிப் பேர் இரண்டாவது பாட்டிலேயே விலகிவிடுகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி அழுகையாக இருக்கிறது என்பார்கள். அது பாட்டின் குறையல்ல, கேட்கும் வரிசையில் உள்ள கோளாறு. ஸ்பானிய மொழி தெரியாதவர்களும் பின்பற்றக்கூடிய ஒரு வரிசையைக் கீழே தருகிறேன்.

முதலில், சரியான பாட்டைத் தேடிப் பிடியுங்கள்

தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் பி-ஏ-எஸ்-ஐ-எல்-எல்-ஓ என்று அடியுங்கள். பக்கத்திலேயே எக்வடோர் என்ற பெயரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் பாதிக்குப் பாதி கொலம்பியப் பஸீயோ வந்து நிற்கும். அதுவும் நல்ல இசைதான். அகுவாதாஸ் என்ற மலையூரில் அதற்கென்றே ஒரு தேசிய விழா நடக்கிறது. ஆனால் அங்கே பெயர்பெற்றவை பெரும்பாலும் வேகமானவை, பாட்டு இல்லாமல் வாத்தியங்களில் துள்ளுபவை. ஏக்கத்தைத் தேடிப் போனவர் திருவிழாவில் போய் நிற்பார்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஸ்பெயினிடமிருந்து விடுதலைக்காகப் போர் நடந்த காலத்தில் ஐரோப்பிய வால்ட்ஸ் நடனம் இந்தப் பகுதிக்கு வந்து உருமாறியது. கொலம்பியா, வெனிசுவேலா, எக்வடோர் மூன்றும் 1830 வரை ஒரே நாடாக இருந்ததால் எல்லைகளைக் கடந்து பரவியது. பிறகு எக்வடோரில் அது மெல்ல வேகம் குறைந்து, சோகம் தோய்ந்த மைனர் சுருதிக்கு இறங்கி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிதைகளைச் சுமக்க ஆரம்பித்தது. ஆடுவதற்கென்று வந்தது உட்கார்ந்து கேட்பதற்கான பாட்டாகிவிட்டது.

தொடக்கத்தில் இரண்டு பாட்டு போதும். ஒன்று ‘சொம்ப்ராஸ்’, இன்னொன்று ‘எல் அல்மா என் லோஸ் லாபியோஸ்’. முதல் பாட்டை கார்லோத்தா ஹராமிய்யோ பாடிக் கேளுங்கள். இரண்டாவதை ஹூலியோ ஹராமிய்யோ பாடிக் கேளுங்கள். பெயர் ஒத்திருப்பதால் பலரும் இவர்களை உறவினர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. ‘பெஸ்ட் ஆஃப்’ தொகுப்பு எதையும் இப்போது திறக்காதீர்கள். நாற்பது பஸீயோவை வரிசையாகக் கேட்டால் எக்வடோர்க்காரருக்கே அலுத்துப்போகும்.

பாடகரை மறந்துவிட்டு கிட்டாரைக் கேளுங்கள்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பஸீயோ மூன்று தட்டு கொண்ட தாளம். திஸ்ரம் பழகியவர்கள் ‘தகிட’ என்று எண்ணத் தொடங்குவார்கள், தவறில்லை. ஆனால் கிட்டார் அந்த மூன்று தட்டையும் சமமாக அடிக்காது. ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிளந்து ஆறு துண்டாக எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு இரண்டிலும் ஒலி உண்டு. மூன்றாவதில் ஒலியே இல்லை. நான்கில் ஒலி. ஐந்தில் ஒலித்தது ஆறு வரை நீளும். இதுதான் அடிப்படை வடிவம். கிட்டார் கலைஞர்கள் அதன்மேல் தங்கள் கைவரிசையைக் காட்டுவார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது துண்டு. இரண்டாவது தட்டு விழவேண்டிய சரியான இடம் அது. நம் கை அங்கே தட்டத் துடிக்கும், கிட்டாரோ அங்கே வாயை மூடிக்கொள்ளும். அரைத் தட்டு தள்ளித்தான் பதில் வரும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி எதிர்பார்ப்பு கொஞ்சம் தள்ளிப்போகிறது. மொழி புரியாதவருக்கும் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்ற உணர்வு வருவதற்குப் பெரிய காரணம் இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன். சோகமான ராகம் உலகத்தில் எத்தனையோ உண்டு, சோகத்தைத் தாளத்திலேயே வைத்திருப்பது அரிது.

பாட்டைப் போட்டு, தொடையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். முதல் இரண்டு முறை பிசகும். பிடிபட்ட பிறகு பெரு நாட்டு வால்ஸ் (வால்ட்ஸின் அந்த ஊர் வடிவம்) ஒன்றைப் போட்டு அதற்கும் தட்டுங்கள். அதுவும் மூன்று தட்டுதான். ஆனால் அங்கே கீழ்த்தந்தி ஒருமுறை, மேல்தந்திகள் இரண்டுமுறை என்று மூன்றும் விழுந்துகொண்டே இருக்கும். வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து ரெக்கிந்தோ. சாதாரண கிட்டாரைவிடச் சிறியது, சுருதி உயர்ந்தது. பாட்டு தொடங்குமுன் வரும் முன்னிசை அதன் பொறுப்பு. பாடகர் வாயைத் திறக்குமுன்பே இது என்ன பாட்டு என்பதை அந்த நான்கைந்து நொடிகள் சொல்லிவிடும். சரணங்களுக்கு நடுவிலும் அதே இசை திரும்பி வரும். ஹூலியோவுடன் நீண்ட காலம் வாசித்த ரொசாலினோ கிந்தேரோவின் ரெக்கிந்தோவைத் தனியாகக் கவனியுங்கள். வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சிறு சங்கதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பாடகரின் இடத்தைப் பிடிக்கும் ஆசை அந்தக் கையில் இருக்காது.

இன்னொன்றையும் காது தானாகப் பிடிக்கும். பல பாட்டுகளில் இரண்டாம் பகுதி வந்ததும் திடீரென்று வெளிச்சம் வந்ததுபோல இருக்கும். மைனரிலிருந்து அதன் உறவான மேஜருக்கு மாறியிருப்பார்கள். பெரும்பாலும் பழைய சந்தோஷம் நினைவுக்கு வருகிற இடம் அது. நீடிக்காது, நான்கு வரியில் மறுபடி கீழே இறங்கிவிடும்.

குரலுக்கு வாருங்கள்

கார்லோத்தா 1904-இல் தலைநகர் கித்தோவுக்குப் பக்கத்தில் உள்ள கலகலி என்ற ஊரில் பிறந்தவர், 1987-இல் மறைந்தார். தேசியப் பாட்டின் அரசி என்றே அவரைச் சொல்வார்கள். நாடக மேடையும் அவருக்குப் பழக்கம், அது உச்சரிப்பில் தெரியும். சொற்களை விழுங்கமாட்டார், ஒவ்வொன்றும் கடைசி வரிசை வரை போய்ச் சேரும்.

ஹூலியோ வேறு ஆள். 1935 அக்டோபர் 1-இல் குவாயாகில் துறைமுகநகரில் பிறந்தார். பஸீயோ நாளுக்கு அந்தத் தேதி கிடைத்தது இவரால்தான். ஊரார் செல்லமாக ‘ஹோத்தா ஹோத்தா’ என்பார்கள், அவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. வெளியே ‘அமெரிக்காவின் இராப்பாடி’ என்ற பட்டம், அதாவது அந்தக் கண்டத்தின் நைட்டிங்கேல் பறவை. 1978 பிப்ரவரியில், 42 வயதில் இறந்தபோது குவாயாகில் தெருக்கள் கூட்டத்தால் நிரம்பின. அவர் குரலில் முயற்சியே தெரியாது. எவ்வளவு பெரிய துயரத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொல்லிவிடுவார்.

இருவரிடமும் ஒன்று பொது: பாடும்போது விம்மமாட்டார்கள். பிற்காலப் பாடகர்கள் சிலர் வரிக்கு வரி குரலை உடைத்து அழுதுகாட்டுவார்கள். புதியவர்கள் அதைத்தான் பஸீயோ என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பதிவுகளை ஓரமாக வையுங்கள். பாடகர் அழுதுவிட்டால் கேட்பவருக்குச் செய்ய வேலையே இல்லை.

இனி வரிகள்

பாட்டின் மெட்டு மனதில் பதிந்த பிறகுதான் வரிகளைத் தேட வேண்டும். அதற்குமுன் ஒரு பின்னணி தெரிந்திருக்கட்டும்: நல்ல பஸீயோக்களில் பல, மெட்டுக்கு எழுதிய பாட்டு அல்ல. முதலில் அச்சில் வந்த கவிதை, பிறகு யாரோ ஒருவர் மெட்டமைத்தது. ‘எல் அல்மா’வை எழுதியவர் குவாயாகிலைச் சேர்ந்த மெதார்தோ ஆங்ஹெல் சில்வா. இசை, குவேங்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ பரேதெஸ் எர்ரேரா. ‘சொம்ப்ராஸ்’ கவிதையை எழுதியவர் எக்வடோர்க்காரரே அல்ல. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் பிறந்த ரொசாரியோ சான்சோரெஸ். அதை பஸீயோ ஆக்கியவர் கார்லோஸ் பிரித்தோ பெனாவிதெஸ் என்ற எக்வடோர் இசையமைப்பாளர்.

சில்வாவின் கவிதை ஒவ்வொரு வரியும் 14 அசை கொண்டது, நடுவில் ஏழுக்கு ஏழாக உடையும். பாடுகிறவர் எங்கே மூச்சுவிடுகிறார் என்று பாருங்கள், அந்த உடைப்பிலேதான். கவிதையின் மூச்சே பாட்டின் மூச்சாகிவிட்டது. அதனால் தானியங்கி மொழிபெயர்ப்பில் வரிவரியாகப் போட்டால் குழம்பும். எழுவாய் ஒரு வரியில் இருக்கும், வினை அடுத்த வரியின் கடைசியில் இருக்கும். நான்கு வரியையும் சேர்த்துப் போடுங்கள், ஓரளவு தெளியும்.

தெளிந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். இரண்டு பாட்டிலும் பிரிவு இன்னும் நடக்கவில்லை! ‘சொம்ப்ராஸ்’ சொல்வது, நீ போன பிறகு என்னை நிழல்கள் சூழ்ந்துகொள்ளும் என்று. ‘எல் அல்மா’ சொல்வது, நம் காதலின் தீ உன் நெஞ்சில் அணைந்துபோய்விட்டதென்று தெரியவரும் நாளில் நான் இருக்கமாட்டேன் என்று. எல்லாம் எதிர்காலத்தில். கேட்பவள் அல்லது கேட்பவன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், கதவு இன்னும் திறக்கப்படவில்லை. பாடுகிறவர் பிரிவை முன்கூட்டியே வாழ்ந்துபார்க்கிறார். எல்லா பஸீயோவும் இப்படி இல்லை, போனவரை நினைத்துப் புலம்புபவையும் ஏராளம். ஆனால் உச்சியில் நிற்கும் இந்த இரண்டும் இப்படி அமைந்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இழந்த பிறகு பாடினால் அது இரங்கல். இழக்குமுன் பாடினால் அதற்குள் ஒரு மன்றாட்டு ஒளிந்திருக்கும்: போகாதே என்று நேராகச் சொல்லவில்லை, நீ போனால் என்ன ஆகும் என்று மட்டும் வர்ணித்துக்கொண்டே இருக்கிறேன், புரிந்துகொள். முன்பு சொன்ன அந்தத் தாள இடைவெளியோடு சேர்த்துக் கேளுங்கள், ஏன் இந்தக் கவிதைகள் இந்தத் தாளத்தில் போய் உட்கார்ந்தன என்பது விளங்கும்.

சில்வாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. 1898-இல் பிறந்தவர். 1919 ஜூன் 10-இல், 21 வயது முடிந்த இரண்டாம் நாள், காதலித்த பெண்ணின் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். தற்கொலையா, விபத்தா, வேறேதுமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அவரையும் ஆர்த்துரோ போர்ஹா, எர்னெஸ்தோ நொபோவா இ காமான்யோ, உம்பெர்த்தோ ஃபியேரோ ஆகிய மூவரையும் சேர்த்து ‘தலை கொய்யப்பட்ட தலைமுறை’ என்று இலக்கியத்தில் சொல்வார்கள். நால்வரில் ஒருவரும் நாற்பதை எட்டவில்லை. பஸீயோவின் சொற்களஞ்சியத்தில் பெரும்பகுதி இவர்கள் வகைக் கவிதையிலிருந்து வந்தது: வெளிறிய கைகள், மாலை இருட்டு, சாவு.

நீ விலகினால் உயிரை விடுவேன் என்று சொல்கிற காதலை இன்று யாரும் காதல் என்று ஏற்க வேண்டியதில்லை. எக்வடோரிலும் அந்த வரியை இப்போது கேள்வி கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். சாவைக் கற்பனையில் கொண்டாடிய ஒரு காலத்தின் குரல் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் ‘சொம்ப்ராஸ்’தான் மேலான பாட்டு என்பேன். அதில் மிரட்டல் இல்லை. ஒரு பெண், மங்கிய வெளிச்சமுள்ள சிறு அறையையும் இளஞ்சூடான ஒரு மாலையின் தீண்டலையும் கூச்சமில்லாமல் நினைவுகூர்கிறாள். ஆண்கள் பாடும்போது யார் யாரை வருடினார்கள் என்பது அந்த வரியில் மாறிவிடும். கார்லோத்தாவின் பதிவையும் ஏதாவது ஓர் ஆண் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டு அந்த இடத்தைப் பிடியுங்கள். சொல் ஒன்றிரண்டு மாறியதற்கே பாட்டின் உடல் மாறிப்போவது தெரியும்.

எது பஸீயோ இல்லை

ஹூலியோவின் புகழ்பெற்ற பாட்டு எது என்று தேடினால் முதலில் ‘நுவெஸ்த்ரோ ஹுராமெந்தோ’ வரும். அது பஸீயோ அல்ல, பொலேரோ. எழுதியவர் புவெர்த்தோ ரிக்கோவின் பெனித்தோ தெ ஹெசூஸ். நான்கு தட்டு, தொடையில் தட்டினாலே தெரிந்துவிடும். ஹூலியோ வால்ஸும் பாடினார், வேறு பலவும் பாடினார். அவர் பெயர் இருப்பதெல்லாம் பஸீயோ என்று எடுத்துக்கொண்டால் காது குழம்பும்.

இன்னொரு குழப்பம் ‘ரொகொலேரா’. காசு போட்டால் பாடும் ரொகோலா பெட்டிகள் வைத்த மதுக்கடைகளில் 1970-களில் பரவிய பாட்டுவகை இது. துரோகம், குடி, வஞ்சம் எல்லாம் நேரடிப் பேச்சில் வரும். பொலேரோ, வால்ஸ், பஸீயோ மூன்றின் சாயலும் உண்டு. கவிதைப் பஸீயோவை ரசிப்பவர்கள் இதைக் கீழாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஏளனம் பிடிக்கவில்லை, உழைத்துக் களைத்தவர்கள் தங்கள் மொழியில் அழுதால் என்ன குறைந்துவிடும்? இருந்தாலும் தொடக்கத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

காதலி ஒரு ஊராகவும் இருக்கலாம்

1930-இல் நிக்காசியோ சஃபாதியும் என்ரிக்கே இபான்யெஸ் மோராவும் ‘துவோ எக்வடோர்’ என்ற பெயரில் நியூயார்க் போய் கொலம்பியா என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக இசைத்தட்டுப் பதிவு செய்தார்கள். அனுப்பிவைத்தவர் குவாயாகில் வணிகர் ஹொசே தொமிங்கோ ஃபெராவுத் குஸ்மான். அந்தப் பதிவுகளில் பெயர்பெற்றது ‘குவாயாகில் தெ மிஸ் அமோரெஸ்’. காதலியிடம் சொல்லும் எல்லாவற்றையும் ஒரு துறைமுகநகரத்திடம் சொல்லும் பாட்டு. அதற்கு மெட்டமைத்த சஃபாதி லெபனானில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர். அந்த ஊரை ஊர்க்காரர்களே இப்படிக் கொஞ்சியிருப்பார்களா என்று தோன்றும்.

இதை எங்கே பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால், 1999-க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச்சில் வங்கிச் சேமிப்புகள் முடக்கப்பட்டன. 2000-இல் நாட்டின் சொந்த நாணயமான சுக்ரே போய் அமெரிக்க டாலர் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் வேலை தேடிப் போனார்கள். மத்ரிதில் வீட்டுவேலை செய்த பெண்ணுக்குப் பழைய பஸீயோவின் ‘நீ’ கணவனாகவோ, விட்டுவந்த பிள்ளையாகவோ, ஊராகவோ இருந்திருக்கலாம். பாட்டில் ஒரு சொல்லும் மாறவேண்டியிருக்கவில்லை.

நேரில் கேட்க, வாசிக்க

கித்தோவுக்குப் போனால் பழைய நகரப் பகுதியில் லா ரோந்தா தெரு. ஒருகாலத்தில் கவிஞர்களும் கிட்டார்க்காரர்களும் கூடிய இடம், இப்போது சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகம். குவாயாகிலில் ஹூலியோ பெயரில் நகர இசை அருங்காட்சியகம் இருக்கிறது, கூடவே சஃபாதி பெயரில் பஸீயோ கற்றுத்தரும் பள்ளியும். அதே ஊரில் ‘லகார்த்தெரோஸ்’ என்ற கூலிப் பாடகர்களும் உண்டு. இரவில் கிட்டாரோடு காத்திருப்பார்கள். பிறந்தநாளுக்கோ, கோபித்துக்கொண்ட மனைவியைச் சமாதானப்படுத்தவோ அழைத்துப்போய் ஜன்னலுக்குக் கீழே பாடச் சொல்லலாம். பாட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டால் வெளிநாட்டுக்காரருக்குப் பொலேரோதான் பாடுவார்கள்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு: ஏ மைனர், டி மைனர், ஈ செவன், இடையில் வெளிச்சத்துக்குச் சி மேஜரும் ஜி செவனும். இந்த ஐந்தில் தொடங்கலாம். வலதுகைக்குத்தான் வேலை. மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்து, அந்த ஆறு துண்டுகளை வாயால் எண்ணியபடி வாசியுங்கள். மூன்றாவது துண்டில் விரல் தந்தியைத் தொட்டு ஒலியை அடக்க வேண்டும். முந்தைய ஒலி அங்கே கசிந்தால் அது வால்ஸ் ஆகிவிடும். பாடகர் கூட இருந்தால் மெட்ரோனோமை எடுத்துவிடுங்கள். வரியின் கடைசிச் சொல்லை அவர் இழுப்பார், நீங்கள் நின்று அவரோடு சேர்ந்து இறங்க வேண்டும்.

முன்னிசை வாசிக்க ரெக்கிந்தோ வேண்டுமே என்று தேடி அலைய வேண்டாம், நம் கடைகளில் கிடைப்பது கடினம். அதன் சுருதி சாதாரண கிட்டாரைவிட நாலாம் ஸ்வரம் மேலே. உங்கள் கிட்டாரில் ஐந்தாவது கட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதே சுருதி கிடைத்துவிடும்.